குதிரை ஆண்டில் குளிர்ச்சிக் கஷாயம் குடிக்கலாமா?

வாசகர் கடிதம்:

"நான் பட்டர்வர்த்தில் வசிக்கிறேன். 1966 செப்டம்பரில் பிறந்தவன். இந்த ஆண்டு குதிரை ஆண்டு, அதுவும் நெருப்புக் குதிரை, நானும் நெருப்புக் குதிரை என்கிறார் பக்கத்து வீட்டுச் சீன நண்பர். இருபது வருடப் பழக்கம் எங்களுடையது. சொந்த விலங்கின் ஆண்டு ஆகாது, நெருப்பின் மேல் நெருப்பு ஏறும், உடம்பைக் குளிர வைத்தே ஆகவேண்டும் என்று சீன மருந்துக் கடையில் பத்துக் கஷாயப் பொட்டலங்கள் வாங்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். செவ்வந்திப் பூ, சிவப்புக் கோஜிப் பழம், இனிக்கும் வேர்த் துண்டு, மஞ்சளாகக் கடுமையாகக் கசக்கும் ஒரு வேர். ஐந்து பொட்டலம் குடித்துவிட்டேன். வயிறு இளகிப் போகிறது. அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் என்னிடம் இருப்பதுதான் பயமாக இருக்கிறது: அடிக்கடி வாய்ப்புண், இரவில் உள்ளங்கால் எரிச்சல், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு. 14 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்பதற்காக மூன்று வருடமாக வார்ஃபரின் எடுக்கிறேன். பத்து வருடமாகச் சைவம். மீதிப் பொட்டலங்களைக் குடிக்கலாமா? இந்த ஆண்டு முழுவதும் உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்ளச் சீன மருத்துவம் என்ன சொல்கிறது? செப்டம்பரில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதாக இருக்கிறோம்."

பதில்:

ஐயா, பொட்டலங்களை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கே உங்கள் வார்ஃபரின் கிளினிக்கை அழைத்து, ஐந்து பொட்டலம் சீனக் கஷாயம் குடித்தேன் என்று மறைக்காமல் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு நேரம் கேளுங்கள். மிச்சமிருக்கும் பொட்டலம் ஒன்றை அப்படியே கையோடு கொண்டு போங்கள். ஈறில் ரத்தக் கசிவு, கறுத்த மலம், அடிபடாமலே தோலில் கன்றல், திடீரென்று கடுமையான தலைவலி, இவற்றில் எது இருந்தாலும் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. கோஜிப் பழம் அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. அந்தப் பழத்தைத் தேநீராகவும் சாறாகவும் குடித்தவர்களுக்கு ரத்தம் உறையும் நேரம் அளவுமீறி நீண்டுபோனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இனிக்கும் வேர், நம் அதிமதுரத்தின் நெருங்கிய உறவு. தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். துடிப்பு ஒழுங்கில்லாத இதயத்துக்கு இரண்டுமே ஆகாது. கசக்கும் மஞ்சள் வேர், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹுவாங்லியானாக இருக்கலாம். சீன மருந்துப் பெட்டியிலேயே மிகக் குளிர்ந்த சரக்குகளில் ஒன்று அது. அது சேர்ந்த ஐந்து பொட்டலம் குடித்தவருக்கு வயிறு இளகுவதில் வியப்பில்லை. செவ்வந்திப் பூ மட்டும் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்யாதது. ஆனாலும் உங்கள் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தபிறகு, எதையும் கேட்காமல் குடியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நண்பர் மீது எனக்கு வருத்தமில்லை. தன் பணத்தில் வாங்கி வீட்டுப் படியேறிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன நம்பிக்கையும் நேற்று முளைத்ததல்ல. பிறந்த விலங்கின் ஆண்டு திரும்பி வரும்போது அதை பென்மிங் நியென் என்பார்கள். ஆண்டுக்கு அதிபதியான தாய் சுய் என்னும் தெய்வத்தை நேருக்கு நேர் சந்திக்கும் ஆண்டு அது, அடங்கி நடக்க வேண்டும், உடம்பில் சிவப்பு இருக்க வேண்டும் என்பது வழக்கம். தாய் சுய் கணக்கின் வேர் வியாழனில் இருக்கிறது. சூரியனைச் சுற்ற வியாழனுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு ஆகிறது. அந்தக் கணக்கில் வானத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, வியாழனுக்கு எதிர்த்திசையில் நகரும் ஒரு கற்பனைக் கோளை வைத்து ஆண்டுகளை எண்ணினார்கள் பழஞ்சீனர்கள். குருப்பெயர்ச்சி பார்க்கும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அறுபதும் அப்படித்தான். சீனக் கணக்கில் தண்டுகள் என்ற பத்துப் பெயர்களும், ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்றாகக் கிளைகள் என்ற பன்னிரண்டு பெயர்களும் சேர்ந்து சுழன்று, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கு வருகின்றன. நீங்கள் பிறந்த பிங் வூ ஆண்டு, அதாவது பிங் தண்டும் வூ என்னும் குதிரைக் கிளையும் சேர்ந்த ஆண்டு, 2026 பிப்ரவரி 17-ல் மறுபடி பிறந்தது. 2027 பிப்ரவரி 5 வரை இருக்கும். நம் பஞ்சாங்கத்தில் நீங்கள் பிறந்தது பராபவ வருடம். இந்தச் சித்திரையில் தொடங்குவதும் பராபவதான். இரண்டு சக்கரங்களும் உங்களை ஒரே ஆண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஒரு பக்கம் எச்சரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் மாலை மாற்றுகிறார்கள். ஆனால் நம்முடைய சடங்கும் சாந்திதானே? சுற்று முடியும் இடத்தில் மனிதன் பலவீனமாக இருப்பான், அவனைப் பத்திரமாகக் கைப்பிடித்து அந்தப் பக்கம் சேர்க்கவேண்டும் என்ற அக்கறை இரண்டிலும் இருக்கிறது. ஆகவே நண்பர் சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் கட்டிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கூப்பிட்டால் போய் வாருங்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் பயத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பிறந்த அதே 1966-ல் ஜப்பானில், நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்ற பழைய நம்பிக்கையால், பிறப்புகள் முந்தைய ஆண்டின் சுமார் 18.2 லட்சத்திலிருந்து 13.6 லட்சத்துக்கு விழுந்தன. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டின. அந்த ஆண்டு யாருடைய உடம்பும் மாறிவிடவில்லை. பயம்தான் மனிதர்கள் செய்வதை மாற்றியது. வார்ஃபரின் எடுக்கும் ஒருவர் யாரிடமும் கேட்காமல் ஐந்து பொட்டலம் குடித்ததும் அப்படி நடந்ததுதான்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. சீன மருத்துவம் இந்த ஆண்டைப் பற்றி என்ன சொல்கிறது?

நான் சீன மருத்துவம் படித்த காலத்திலும், பிறகு என் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலும், வந்தவர்களின் பிறந்த ஆண்டை அவர் கேட்டது வயதைத் தெரிந்துகொள்ளத்தான். எந்த விலங்கு என்று பார்த்து அவர் ஒரு மருந்துகூட எழுதியதில்லை. நாக்கை நீட்டச் சொல்வார், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பார், மலம், தூக்கம், வியர்வை, தாகம் எல்லாம் கேட்பார். ஒரே நாளில் வந்த இரண்டு குதிரைக்காரர்களுக்கு நேர் எதிரான மருந்து கொடுப்பார். சின்சே எனப்படும் சீன மருத்துவரின் வேலை இதுதான். ஆண்டுக்கொரு பொட்டலம் என்பது கடையின் வேலை.

ஆண்டை வைத்து நோயைக் கணிக்கும் பிரிவு ஒன்று சீன மருத்துவத்தில் இல்லாமல் இல்லை. ஐந்து இயக்கங்கள், ஆறு வாயுக்கள் என்று அதற்குப் பெயர். சீன மருத்துவத்தின் பழைய மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங்கில், தாங் அரச காலத்தில் 762-ஆம் ஆண்டு வாங் பிங் என்பவர் சேர்த்த ஏழு நெடிய அத்தியாயங்களில் அது வருகிறது. உங்கள் நண்பர் அதைப் பார்த்திருந்தால் திகைத்துப் போயிருப்பார். அந்தக் கணக்கில் பிங் தண்டு வரும் ஆண்டு நெருப்பு மிகும் ஆண்டு அல்ல. நீர் மிகும் ஆண்டு அது. குளிர் பரவும், அது இதயத்தின் நெருப்பைத் தாக்கும் என்கிறது நூல். குதிரைக் கிளையால் ஆண்டின் முன்பாதியை ஆளும் வானத்துப் பக்கம் நெருப்பும், பின்பாதியை ஆளும் பூமிப் பக்கம் வறட்சியும் வருகின்றன. அதாவது இந்த ஆண்டுக்குக் குளிர், சூடு, வறட்சி மூன்றுமே சொல்லப்பட்டிருக்கின்றன. "நெருப்பின் மேல் நெருப்பு, ஆகவே குளிரவை" என்ற கணக்கு அந்த மருத்துவத்தின் சொந்த ஏட்டிலேயே இல்லை. நான் இந்த ஏட்டை வைத்தும் மருந்து கொடுப்பதில்லை. அது மஞ்சள் ஆற்றங்கரையின் வானத்தைப் பார்த்து எழுதியது. நாம் இருப்பது வருடம் முழுக்க வெயிலும் ஈரமுமாக இருக்கும் பினாங்குக் கரையில்.

ஆண்டை விட்டுவிட்டு உங்கள் உடம்புக்கு வருகிறேன்.

வாய்ப்புண், கால் எரிச்சல், விழிப்பு. மூன்றையும் சேர்த்துச் சூடு என்று சொல்லிவிட்டார் நண்பர். நமக்கும் அது உடனே மனசில் ஒட்டிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்து "உடம்பு அனலாக இருக்கிறது" என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? ஆனால் சீன மருத்துவம் சூட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அடுப்பில் தீ மிகுந்து பானை பொங்குவது ஒரு சூடு. தீ அதே அளவில் இருக்க, பானைத் தண்ணீர் வற்றிப்போய் அடிபிடிப்பது இன்னொரு சூடு. முதலாவதற்குத் தீயைக் குறைக்க வேண்டும், கசப்பும் குளிர்ச்சியுமான மருந்து அதற்குத்தான். இரண்டாவதை வெற்று நெருப்பு என்பார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கே தீயை அணைத்தால் சோறே வேகாது. அறுபதை நெருங்கும் வயது, நாள்பட்ட சர்க்கரை, இரவில் மட்டும் கூடும் கால் எரிச்சல், விடிகாலை விழிப்பு என்று ஒருவர் வந்தால், நாடி பார்ப்பதற்கு முன்பே சின்சேயின் மனம் இரண்டாவது பக்கம்தான் சாயும். ஹுவாங்லியான் அங்கே தவறான மருந்து. நண்பரின் வழியிலேயே போனாலும் இந்தப் பொட்டலம் உங்களுக்கானதல்ல.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறைந்துபோகும். அந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. நீங்கள் பத்து வருடமாகச் சைவம், பதினான்கு வருடமாக மெட்ஃபார்மின். பி12 குறைந்தால் நாக்கும் வாயும் புண்ணாகும். நரம்பு கெட்டுக் கால் எரியும், மரத்துப் போகும். சர்க்கரையும் தனியாக அதே நரம்புகளைக் கெடுக்கும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: பி12 அளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுகட்டலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஆண்டு முழுக்கக் குளிர்ச்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால், திரும்ப வராத நரம்பை இழந்துகொண்டிருப்பீர்கள். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கிறது, ஏனென்றால் தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடிகாலை மூன்று மணி பற்றி: ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கல்லீரலின் நேரம், அதன் பிறகு நுரையீரலின் நேரம் என்ற கடிகாரம் சீன மருத்துவத்தில் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன் விழித்ததும் சிறுநீர் கழிக்கப் போகிறீர்களா என்று கவனியுங்கள். சர்க்கரை ஏறினாலும், உங்கள் வயதில் புரஸ்டேட் வீங்கினாலும் அந்த நேரத்தில் எழுப்பிவிடும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரியானபிறகு சீன மருத்துவத்திடம் உங்களுக்குப் பெற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பன்னிரண்டு கிளைகள் நாளின் பன்னிரண்டு பொழுதுகளுக்கும் பெயராக இருக்கின்றன. குதிரைக்கு உரிய பொழுது காலை 11 முதல் பகல் 1 மணி வரை, அதாவது உச்சி. வெயில் முழுவதும் ஏறி நின்று, இனி இறங்கத்தான் வேண்டும் என்று ஆகும் கணம் அது. அந்தப் பொழுதை இதயத்தின் நேரமாகக் கொண்டு, வேலையை நிறுத்திக் கொஞ்சம் கண்ணை மூடச் சொன்னார்கள் பழைய மருத்துவர்கள். நள்ளிரவுப் பொழுதில் ஆழ்ந்து உறங்கு, உச்சிப் பொழுதில் சற்றே ஓய் என்பது அவர்கள் வழக்கம். குதிரை ஆண்டில் குதிரையிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ இருபது நிமிடம் போதும். அரை மணியைத் தாண்டினால் இரவுத் தூக்கம் கெடும். இரவு பதினொரு மணிக்குள் படுக்கையில் இருங்கள்.

அடுத்தது பாதுவான்ஜின், எட்டு அசைவுகள் கொண்ட பயிற்சி. சோங் அரச காலத்திலிருந்தே பேசப்படுவது. நின்றபடி கைகளை வானத்துக்கு உயர்த்துவது, வில்லை இழுப்பது போல் இழுப்பது என்று மெதுவாகப் போகும். பதினைந்து நிமிடம். உங்கள் தாமான் பூங்காவில் காலையில் சீன முதியவர்கள் கூட்டமாகச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கால் உணர்வு குறைந்தவர் நிலை தடுமாறாமல் இருக்க இதுபோன்ற மெதுவான அசைவுகள் நல்லவை. தொடக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

ஐஸ் போட்ட பானங்களைக் குறையுங்கள். ஈரக் காற்றில் இருப்பவரின் வயிற்றை ஐஸ் மந்தமாக்கும் என்பது எங்கள் மருத்துவத்தின் பார்வை. உங்களுக்கு அதில் கரைந்திருக்கும் சர்க்கரைதான் பெரிய காரணம். தூக்கத்துக்குத் தாமரை விதை நல்லது என்பார்கள். சமையலில் கொஞ்சமாகச் சேர்க்கலாம், கற்கண்டு போட்ட கஞ்சியாக வேண்டாம். மனம் படபடக்கும்போது, உள்மணிக்கட்டுக் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, நடுவில் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் நெய்குவான் என்ற புள்ளி இருக்கிறது. கட்டைவிரலால் மெல்ல ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கன்றும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

கூடாதவை: கிண்ணம் வைத்து உறிஞ்சும் சிகிச்சையும், தோலைச் சுரண்டிச் சிவக்க வைக்கும் குவா ஷாவும் வார்ஃபரின் எடுக்கும் உங்களுக்கு வேண்டாம். இரவில் வெந்நீரில் கால் ஊறவைத்தால் தூக்கம் வரும் என்று எல்லாச் சீன வீட்டிலும் சொல்வார்கள், நானும் பலருக்குச் சொல்வேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கடையில் டப்பாவில் விற்கும் மருந்து எதுவானாலும் மேலே அரசாங்கப் பதிவைக் காட்டும் எம்.ஏ.எல். எண்ணும் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் வார்ஃபரின் கிளினிக்கைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஊசிச் சிகிச்சை செய்துகொள்ள விரும்பினால், அரசாங்க மருத்துவமனையிலேயே வழி இருக்கிறது. மலேசியாவில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதலில் தொடங்கப்பட்டது உங்களுக்குப் பக்கத்தில், கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில், 2007-ல். உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஊசி போடுபவரிடம் வார்ஃபரின் என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், சர்க்கரையும் இதயமும் விலாவாரியாகச் சொல்லி முடித்தபிறகு, ஓய்வு பெறுவதை ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டபிறகு மறுபடி தூக்கம் வராமல் எதை யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள்? குதிரையையா, செப்டம்பருக்குப் பிறகு வரும் காலையையா? அதிகமாக யோசிப்பது மண்ணீரலைக் கட்டிப்போடும், பசியும் தூக்கமும் கெடும் என்பது சீன மருத்துவத்தின் பழைய பாடம். வீட்டம்மாவிடம் அதைப் பேசியிருக்கிறீர்களா? பேசுங்கள். வேலை நேரம் போனபின் நாளின் எந்த மணியில் எங்கே இருப்பீர்கள் என்று இப்போதே ஒரு கால அட்டவணை போட்டுப் பார்த்தால் பாதி பாரம் இறங்கும்.

நண்பரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தால் மனம் புண்படும். டாக்டர் மாத்திரையோடு சேரவில்லை என்கிறார் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வார்ஃபரின் எடுக்கும் சீன முதியவர்களும் இதே கட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்கள், அவருக்குப் புரியும். கூடவே, பாதுவான்ஜின் சொல்லிக் கொடுங்கள் என்று கேளுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு துணையும் கிடைக்கும்.

திருக்கடையூருக்கு நல்லபடியாகப் போய் வாருங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன் ஐ.என்.ஆர். பாருங்கள், மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், புரட்டாசி வெயிலில் கல்தரை கொதிக்கும். உணர்வு குறைந்த காலுக்கு அது தெரியாது. விடிகாலை நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள், வெளிப்பிராகாரத்தில் நிழலை விட்டு நடக்காதீர்கள், இரவு விடுதிக்கு வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி12 முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.